கேம் போட்டால் மட்டும் ஏன் அணைகிறது?

“அண்ணே, சும்மா இருந்தா நல்லாத்தான் ஓடுது. கேமைப் போட்டா பொசுக்குன்னு ஆஃப் ஆயிருது.” கோடைக்கால மதுரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பல சமயம் அடுத்த நிமிடமே தீர்ப்பும் வந்துவிடும்: கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு. கையில் இருப்பதையும் கடனையும் சேர்த்துப் புதுக் கார்டு வாங்குவார்கள். சில நாள் கழித்து அதே கேபினெட் அதே புகாரோடு கடைக்குத் திரும்பும். சீட்டுப் பணம் எடுத்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த இயந்திரங்கள் இவை. அதனால் இந்த அவசரத் தீர்ப்பின் மேல் எனக்குக் கோபமே உண்டு. அந்தப் புகாரைப் பொறுமையாகக் கேட்டாலே பாதி விடை அதற்குள் இருக்கிறது.

பிரவுசரைத் திறந்து செய்தி படிக்கும்போது ஒரு நடுத்தர கேமிங் கம்ப்யூட்டர் 60 முதல் 100 வாட் வரைதான் இழுக்கும். கேம் ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டுமே 170 வாட் வேண்டும். 3080 கார்டுக்கு 320, 4090 கார்டுக்கு 450. பிராசசரும் விசிறிகளும் சேர்ந்தால், சில நொடிகளுக்குள் சுமை நாலைந்து மடங்கு ஏறிவிடும். ராம், பிராசசர், கார்டு, மின்சாரம், குளிர்விப்பு என்று எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக வேலை வாங்குவது வீட்டில் கேம் ஒன்றுதான். எக்செல் கேட்காததை அது கேட்கிறது. எங்கோ ஒளிந்திருந்த பலவீனம் அப்போது வெளியே வருகிறது. பலவீனம் எங்கே என்று கேம் சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

தேடலை இயந்திரம் எப்படி நின்றது என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியது போல மொத்தமும் இருண்டதா? நீலத் திரை வந்து ஏதோ ஒரு குறியீட்டைக் காட்டியதா? கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்ததா? திரை மட்டும் கறுத்து, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் திக்கித் திக்கி ஓடியதா? கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டையோ அதன் டிரைவரையோ காட்டும். கார்டிடம் வேலையைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் 2 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் டிரைவரைத் தானே மறுபடி தொடங்கிப் பார்க்கும். அதுவும் தோற்றால் திரை கறுத்தபடியே நிற்கும், அல்லது நீலத் திரை வரும். மொத்தமும் இருண்டால் மின்சாரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். நீலத் திரைக்கும் தானாக மூடிக்கொள்ளும் கேமுக்கும் ராம், பிராசசர், டிரைவர் பக்கம்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு சிவப்பில் தெரியும். பவர் என்று பார்த்ததும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இயந்திரம் மறுபடி ஆன் ஆன பிறகு எழுதப்படும் பதிவு அது. போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை. அதையொட்டி ‘வியா’ (WHEA) என்ற தலைப்பில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வன்பொருளே தன் பிழையை ஒப்புக்கொண்டு விட்டுச்சென்ற குறிப்பு அதுதான்.

மொத்தமாக இருண்டுபோகும் வகையைத்தான் மதுரையில் நிதானமாக ஆராய வேண்டும் என்பேன். காரணம் நம் ஊர் மின்சாரமும் நம் வீட்டு இன்வெர்ட்டரும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக மாறி, கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு கெப்பாசிட்டரில் நிரம்புகிறது. நல்ல தரமான பெட்டிகளில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 380 வோல்ட். மொட்டை மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியின் வேலையைத்தான் இது செய்கிறது. வெளியிலிருந்து வருவது நின்றாலும் உள்ளே சிறிது நேரம் ஓடும். எவ்வளவு நேரம் என்பது எத்தனை குழாய் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 390 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 380 வோல்ட்டிலிருந்து 300 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரக்கூடிய ஆற்றல் சுமார் 10 ஜூல். கம்ப்யூட்டர் 100 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் அது நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 100 மில்லிநொடிக்குப் போதும். கேம் ஓடி 400 வாட் இழுத்தால் 25 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுழற்சியே 20 மில்லிநொடி.

இனி இன்வெர்ட்டருக்கு வருவோம். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே தமிழகம் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர மின்வெட்டைப் பார்த்தது. மதுரையில் வசதி உள்ள வீடெல்லாம் இன்வெர்ட்டர் போட்டது அப்போதுதான். மின்வெட்டு போன பிறகும் இன்வெர்ட்டர் தங்கிவிட்டது. அதன் பின்புறத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ. யு.பி.எஸ். முறையில் கரண்ட் போனதும் சுமார் 10 மில்லிநொடியில் பேட்டரிக்கு மாறிவிடும். நார்மல் முறையில் 30, 40 மில்லிநொடிகூட ஆகலாம். விசிறிக்கும் விளக்குக்கும் அந்த இடைவெளி தெரியவே தெரியாது. 100 வாட்டில் ஓடும் கம்ப்யூட்டரும் கண் சிமிட்டாமல் தாண்டிவிடும். 25 மில்லிநொடி மட்டுமே தாக்குப்பிடிக்கும் கேம் நேரத்து இயந்திரம் அதே இடைவெளியில் அணைந்துபோகும். எந்த உறுப்பும் கெடவில்லை. ‘சும்மா இருந்தா ஓடுது, கேம் போட்டா ஆஃப் ஆகுது’ என்ற புகார் முழுவதையும் இந்த ஒரு கணக்கு விளக்கிவிடுகிறது.

அப்படியானால் ஸ்விட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டால் போதுமே என்று தோன்றும். பல வீடுகளில் அது போதும். ஆனால் எலக்ட்ரீசியன் அதை நார்மலில் வைத்ததற்கும் காரணம் இருக்கும். யு.பி.எஸ். முறை ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போன மின்சாரத்தை ஏற்காது. நார்மல் முறை 100 வோல்ட் வரைகூடச் சமாளிக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிக் கடைசிக் கம்பத்தில் இணைப்பு வாங்கிய வீடுகளில் மாலையில் லோ வோல்டேஜ் வந்தால், யு.பி.எஸ். முறையில் இன்வெர்ட்டர் மணிக்கு நூறு தடவை பேட்டரிக்கும் இ.பி.க்கும் தாவிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு யு.பி.எஸ். வைப்பதுதான் வழி. அதை வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள 600 வி.ஏ. என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த ரகங்கள் உண்மையில் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். 400 வாட் கேட்கும் இயந்திரத்தை அதில் மாட்டினால், கரண்ட் போன கணமே அது கூவிவிட்டு அணைந்துவிடும். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்களோடு புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் ஒத்துப்போகாமல் அணைவதும் உண்டு. சைன் அலை என்று எழுதியிருப்பதே நல்லது.

லோ வோல்டேஜ் இன்னொரு விதத்திலும் வேலையைக் காட்டும். மின்விசிறிக்கு வோல்டேஜ் குறைந்தால் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ். அப்படி விட்டுக்கொடுக்காது. உள்ளே 400 வாட் வேண்டுமென்றால், வோல்டேஜ் குறைய ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் மின்னோட்டம் 28 சதவீதம் கூடும். ஒயரிலும் ஸ்விட்ச் போர்டிலும் பிறக்கும் சூடு 60 சதவீதத்துக்கும் மேல் கூடும். தளர்ந்த சாக்கெட், மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் பின் கருகுவது இப்படித்தான். பக்கத்து வீட்டு போர் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கணம் உங்கள் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கேம் எத்தனை மணிக்கு நின்றது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். மாலை ஏழு முதல் பத்துக்குள் மட்டும், அல்லது மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் என்றால், கேபினெட்டைத் திறக்கும் முன் வீட்டு ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் வேறு பேஸுக்கு மாற்றிப் பார்த்தாலே சிலருக்குத் தீர்ந்துவிடும். கேம் ஓடும்போதும் ஓடாதபோதும் வோல்டேஜை எலக்ட்ரீசியனை வைத்து அளந்து பாருங்கள். 400 வாட் என்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. அதற்கே பத்து, இருபது வோல்ட் சரிந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? டெஸ்டர் வைத்தால் மினுக்குகிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில், இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து உடலுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து உடலுக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய கேபினெட் உடல், மின்னழுத்தத்தில் பாதியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் அது ஒரு எச்சரிக்கை. ஹெட்செட்டும் கீபோர்டும் திடீரென்று துண்டித்துக்கொள்வதற்கு இது துணைபோகும். யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம் என்று பாறை சூழ்ந்த ஊர் இது. மேல்மண் பல இடங்களில் ஆழமில்லை. மண்ணில் மின்சாரம் ஓடுவது ஈரத்தில் கரைந்த உப்புகள் வழியாகத்தான். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோனால் எர்த் கம்பி இருந்தும் இல்லாதது போலத்தான். கரியும் உப்பும் போட்ட குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். கேம் நிற்பதற்கு எர்த் மட்டுமே காரணமாக இருப்பது அரிது. ஆனாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். அங்கே இருப்பது பிள்ளையின் உயிர்.

அடுத்தது சூடு. மே மாதத்தில் மதுரை 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. மாடி அறையின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் விளையாட உட்காரும் நேரமும் அதுதான். கேபினெட்டுக்குள் 400 வாட் சூடு பிறக்கிறது, விசிறிகள் நிமிடத்துக்கு சுமார் 50 கன அடிக் காற்றைத் தள்ளுகின்றன என்று வைத்துக்கொண்டால், வெளியேறும் காற்று உள்ளே வந்ததைவிட 14 டிகிரி சூடாக இருக்கும். அறை 38 டிகிரி என்றால் பின்பக்கம் 52 டிகிரி காற்று வரும். விசிறி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஊட்டியில் 20 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் கார்டு, இங்கே 90-ஐ நெருங்கும். தூசி அடைத்தால் காற்றும் குறையும். மேலூர் பக்கம் கிரானைட் தூள், வைகைக் கரையில் மணல், ஊருக்குள் எங்கும் துணிப்பஞ்சு என்று ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் கம்பளம் போல் படிந்துவிடும். ப்ளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறித்துச் சுற்றினால் பேரிங் தேயும்.

ஆனால் சூடாகிவிட்டது, அதனால் நின்றுவிட்டது என்று நேராகச் சொல்லிவிட முடியாது. இன்றைய பிராசசர்கள் சூட்டில் உடனே அணைவதில்லை. இன்டெல் 100 டிகிரி பக்கம், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95 டிகிரி பக்கம் வந்ததும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் தடுமாறும், ஆனால் நிற்காது. சூடு நிஜமாகவே கொல்வது எஸ்.எம்.பி.எஸ்.ஸை. அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நம்பி நடக்கும் விதி. ஐந்தாறு மதுரைக் கோடைகளைப் பார்த்த பெட்டியில், வாங்கியபோது 25 மில்லிநொடி தாங்கிய கெப்பாசிட்டர் அந்த அளவு தாங்காது. முன்பு பிரச்சினை தராத அதே இன்வெர்ட்டர் இப்போது தருவது இதனால்கூட இருக்கலாம். கேபினெட்டோடு இலவசமாக வரும், பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேமிங் இயந்திரத்தில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 320 வாட் இழுத்தாலும், மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்துக்கு அதன் இரு மடங்கு வரை தாவும். இன்டெல் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 தரத்தைக் கொண்டுவந்தபோது, 100 மைக்ரோநொடிக்கு இரு மடங்குச் சுமையைப் பெட்டி தாங்க வேண்டும் என்று விதித்தது இந்தத் தாவலுக்காகத்தான். இன்னொன்று: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்கள் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

நீலத் திரையும் தானாக மூடிக்கொள்ளும் கேமும் வேறு கதை. அதில் முதல் சந்தேகம் ராம் மீது. பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்றை ஆன் செய்திருந்தால் ராம் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுகிறது. அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மெம்டெஸ்ட் நிரலை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பக் கூடாது.

பிழைச் செய்தியையே நம்பிவிடவும் கூடாது. உலகமே ஏமாந்த ஒரு சம்பவம் அண்மையில் நடந்தது. இன்டெலின் 13-ஆம் தலைமுறை பிராசசர்கள் 2022 அக்டோபரிலும், 14-ஆம் தலைமுறை 2023 அக்டோபரிலும் வந்தன. அவற்றின் விலையுயர்ந்த ஐ9 ரகங்களை வாங்கியவர்களுக்கு, அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டன. வந்த செய்தி: வீடியோ மெமரி போதவில்லை. படித்தவர்கள் இயல்பாகவே கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கார்டை மாற்றியவர்களும் உண்டு. உண்மையில் கேம் தொடங்கும்போது சுருக்கி வைத்த தரவுகளை விரிக்கும் வேலையைச் செய்வது பிராசசர். அது கணக்கில் தவற, தவறான தரவு கார்டுக்குப் போக, கார்டின் பெயரில் பிழைச் செய்தி வந்தது. அந்த விரிக்கும் நிரலை எழுதிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனமே, பழுது பிராசசரில் என்று 2024-இல் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: மைக்ரோகோட் என்ற உள்நிரலின் கோளாறால் பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து, கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்றை முதுமையாக்கிவிட்டன. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 என்ற திருத்தம் வோல்டேஜுக்குக் கடிவாளம் போட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால், வாரன்ட்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டினார்கள். உங்கள் இயந்திரத்தில் இந்த இரு தலைமுறை ஐ7, ஐ9 இருந்தால், வேறு எதையும் செய்யும் முன் மதர்போர்டின் பயாஸ் 2024 ஆகஸ்டுக்குப் பிந்தையதா என்று பாருங்கள்.

‘ஒரு தடவைதானே நின்றது’ என்று விட்டுவிடுகிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் வீடுகளில் உள்ள சுமார் 10 லட்சம் கம்ப்யூட்டர்களின் பழுதுப் பதிவுகளை அலசி 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வன்பொருள் கோளாறால் ஒரு தடவை நின்ற இயந்திரம் மறுபடி நிற்பதற்கான வாய்ப்பு, முதல் தடவை நிற்பதற்கான வாய்ப்பைவிட நூறு மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். வன்பொருள் பழுது தற்செயலாக வந்துபோவது குறைவு; வந்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன், காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கேமின் ஃப்ரேம் வேகத்தை 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். ஆஃப்டர்பர்னர் போன்ற நிரலில் கார்டின் மின் வரம்பை 70 சதவீதமாக இறக்குங்கள். அணைவது நின்றுவிட்டால், பழுது பெரும்பாலும் மின்சாரத்திலோ சூட்டிலோ இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் ராம், டிரைவர், பிராசசர் பக்கம் போங்கள். பிறகு இன்வெர்ட்டர் இல்லாத சாக்கெட்டில் நேராக மாட்டிப் பாருங்கள். முடிந்தால் வேறு தெருவில், வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் நண்பன் வீட்டுக்குக் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு சாயங்காலம் அதே கேமை ஓட்டிப் பாருங்கள். அங்கே நிற்காமல் ஓடினால் புதிதாக எந்த உறுப்பும் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் டிரைவரையும் சாக்கெட்டையும் ஒரே நாளில் மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும். அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகும் தீராமல் கடைக்குப் போனால், நேரம் குறித்த அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்: எப்போது நின்றது, எப்படி நின்றது, இ.பி.யிலா இன்வெர்ட்டரிலா, அறையில் ஏ.சி. ஓடியதா, எதை மாற்றியபோது என்ன ஆனது. “மாத்திப் பாத்துரலாம்ணே” என்று கடைக்காரர் கார்டை எடுக்கும் முன், அவர் கடையின் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டி ஒரு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.